பாட்டியை உயிரோடு வைத்திருக்க வேண்டும்: ஒரே வீட்டுக்குள் ஒரு குறைந்த செலவு த்ரில்லர்

கேள்வி இது: பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பாட்டி, அவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வரும் ஒரு பெண், அந்தப் பெண்ணின் மேல் மெல்ல எழும் பயம். ஒரே வீடு, நாலைந்து நடிகர்கள், கையில் சின்ன பட்ஜெட். இதை எப்படி எழுதி எடுப்பது, எங்கெல்லாம் சறுக்கும்?

இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் சறுக்குவது எழுத்து மேசையில்தான். வந்தவள் பாட்டியைக் கொல்லப் பார்க்கிறாள் என்று முடிவு செய்துவிட்டு எழுத உட்காருகிறார்கள். அப்படி எழுதினால் நாற்பதாவது நிமிடத்தில் கதை தீர்ந்துவிடும். நகராத, பேசாத, தனியாக இருக்கும் ஒருவரைக் கொல்ல ஒரு ராத்திரி போதும். "ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று பார்ப்பவர் கேட்கத் தொடங்கிவிட்டால், நீங்கள் வைக்கும் ஒவ்வொரு தாமதமும் பொய்யாகத் தெரியும். சொத்தை எழுதி வாங்குகிற கதைக்கும் இதே சிக்கல்தான். பதிவு செய்ய சார்பதிவாளர் வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், கைரேகையும் புகைப்படமும் வேண்டும். படுக்கையில் இருப்பவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வர சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்தக் காட்சி வந்ததும் உங்கள் ஒரே வீட்டுக் கதைக்குள் ஒரு அலுவலகமே நுழைந்துவிடும், செலவும் கூடும்.

அதனால் நான் சொல்வது: அவளுக்குப் பாட்டி உயிரோடு இருந்தே ஆக வேண்டும். அதற்கான காரணம் நம் ஊரிலேயே, எந்த ஓய்வூதியக்காரர் வீட்டிலும் இருக்கிறது. திருச்சி பொன்மலைப் பக்கம், ரயில்வேயில் வேலை பார்த்து இறந்தவரின் மனைவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும், உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டிசம்பரிலிருந்து பணம் நின்றுவிடும். 80 வயதைத் தொட்டவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். 80 முடிந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85 முடிந்தால் அது 30 சதவீதம் ஆகும். வயது ஏற ஏற மதிப்பு ஏறுகிற ஒரு உயிர் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறது. ஏடிஎம் கார்டு அவளிடம், எஸ்எம்எஸ் வரும் போனும் அவளிடம். மகன் வெளிநாட்டில்.

இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். அவள் அந்த ஊரிலேயே சிறந்த கவனிப்பைக் கொடுப்பாள். பாட்டியின் முதுகில் ஒரு புண் வராது. மருந்து ஒரு வேளை தவறாது. அவளுடைய எதிரி பாட்டி இல்லை, பாட்டி குணமாவதுதான். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சும் அசைவும் அதிகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதங்களில். அந்த மூன்று மாதத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருபவரை "பாட்டிக்கு இன்னைக்கு முடியல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் படத்தின் முதல் குற்றம். ரத்தம் இல்லை, சத்தம் இல்லை, செலவும் இல்லை. பார்க்கிறவர் அதைக் குற்றம் என்று புரிந்துகொள்ள இருபது நிமிடம் ஆகும், ஆகட்டும்.

உச்சக்காட்சிக்கும் இதிலேயே வழி இருக்கிறது. ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு வாழ்நாள் சான்று 2014 நவம்பரில் வந்தது. வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து போவதால் கருவி அடிக்கடி ஏற்காது. 2021இல் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் முறை வந்தது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். பேச முடியாத, நகர முடியாத பாட்டி, நவம்பர் 30 ராத்திரி கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம் அதுதான். கெஞ்சுவது, கொஞ்சுவது, விளக்கை அணைப்பது, காத்திருப்பது எல்லாம் அந்த ஒரு அறைக்குள் நடக்கும். இரண்டு நடிகைகளும் ஒரு போனும் போதும்.

அவளைப் பற்றி இன்னொன்று. இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஊரைவிட்டு வருகிற பெண்கள். 24 மணி நேர டியூட்டி, வார விடுமுறை நிச்சயமில்லை, சம்பளத்தில் ஒரு பங்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு. அவர்கள் எல்லோரையும் சந்தேகிக்க வைக்கிற படத்தை எடுக்காதீர்கள். அவளுடைய ஊரையோ மதத்தையோ பேச்சு வழக்கையோ பயமுறுத்தும் அடையாளமாக வைக்கவே கூடாது. அவளுக்கு முன்னால் வேலை பார்த்துப் போன ஒரு நல்ல பெண்ணைக் கதையில் வையுங்கள். பாட்டியின் மௌனத்தை முதலில் புரிந்துகொள்பவள் அவளாகவே இருக்கட்டும். விவரத்தில் ஒரு நுட்பமும் உண்டு: ஏஜென்சி அனுப்பும் எல்லோரும் நர்ஸ் இல்லை. படித்து, நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். ஆனால் வீட்டில் எல்லோரையும் "சிஸ்டர்" என்றே கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லில் குடும்பம் தன் விசாரணையை முடித்துக்கொள்கிறது. அதை வசனமாக விளக்காமல், கூப்பிட்டுக்கொண்டே இருக்க விடுங்கள்.

அடுத்து மருத்துவம். இங்கேதான் தாராளமாக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு தவறு வந்தாலும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட ஒவ்வொருவரும் படத்திலிருந்து வெளியே போய்விடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் நம் பார்வையாளர்களில் ஏராளம்.

பாட்டிக்குப் பேச்சு போயிருக்கிறது என்றால், வலது கை பழக்கமுள்ளவருக்கு அடைப்பு பெரும்பாலும் மூளையின் இடது பக்கம். அப்படியானால் செயலிழந்தது வலது கை, வலது கால். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. சரியாக எழுதினால் கதைக்கு லாபம்: பேசவும் முடியாது, எழுதிய கையும் போய்விட்டது. இடது கையால் கிறுக்குவதை யாரும் படிக்க முடியாது. மூளையில் பேச்சை உருவாக்கும் பகுதி மட்டும் கெட்டால், கேட்பது பெரும்பாலும் புரியும், சொல்லத்தான் வராது. "ஆமா" என்று நினைத்து "இல்ல" என்று வாயில் வரும். அதே ஆள் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாட்டை ராகத்தோடு பாடிவிடுவார், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிவிடுவார், கோபத்தில் ஒரு வசவைத் தெளிவாகச் சொல்லிவிடுவார். இது உண்மையில் நடப்பது. உதவி கேட்க ஒரு சொல் வராத பாட்டிக்குப் பாட்டு மட்டும் வருகிறது என்றால், அவர் எந்தப் பாட்டை, எந்த வரியில் நிறுத்துகிறார் என்பதை வைத்து ஒரு முழுக் காட்சியைக் கட்டலாம்.

விழுங்குவதும் சிக்கலாகும். தண்ணீர் போன்ற நீர்த்த திரவம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதால் மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுப்பார்கள். படத்தின் முதல் கால்மணியில் ஒரு உறவுக்காரர் பாசத்தோடு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க, பாட்டிக்குப் புரையேற, சிஸ்டர் ஓடிவந்து நிமிர்த்தி உட்காரவைத்துத் திட்டட்டும். அவள் சொல்வதுதான் சரி. இப்படி மூன்று முறையாவது அவள் சரியாகவும் குடும்பம் தவறாகவும் இருந்தால்தான், பிறகு அவள் "யாரும் உள்ளே வரக்கூடாது" என்று சொல்லும்போது பார்ப்பவரும் ஒத்துக்கொள்வார்.

கட்டில் வாடகைக்குக் கிடைக்கும். ஃபவுலர் காட் என்று கேளுங்கள். தலைப்பக்கம் தூக்க ஒரு கைப்பிடி, முழங்கால் பக்கம் தூக்க ஒரு கைப்பிடி, இரண்டும் கால்மாட்டில் இருக்கும். படுத்திருப்பவர் கைக்கு எட்டவே எட்டாது. அவரை உட்காரவைப்பதா, கூரையைப் பார்க்க வைப்பதா என்று முடிவெடுப்பது கால்மாட்டில் நிற்பவர். அந்தக் கைப்பிடி சுற்றும் சத்தத்தைப் பத்தாவது நிமிடத்திலேயே அறிமுகப்படுத்திவிட்டால், பிறகு அந்தச் சத்தம் ஒன்றே போதும். பழைய கட்டிலாகப் பார்த்து எடுங்கள், எண்ணெய் போடாதீர்கள்.

கட்டிலின் மேல் காற்று மெத்தை இருக்கும், கடைக்காரர்கள் ஆல்ஃபா பெட் என்பார்கள். அறைகள் மாறி மாறி உப்பி இறங்கும், சின்ன பம்ப் ஓயாமல் முனகும். காட்சி எடுக்கும்போது பம்பை நிறுத்திவிடுங்கள், ஒலியைத் தனியாகப் பதிவு செய்து பிறகு சேருங்கள். ஓடவிட்டு எடுத்தால் வசனத்திலிருந்து அதைப் பிரிக்கவே முடியாது. காற்று மெத்தை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம்தான் உங்கள் படத்தின் தாளம். ராத்திரி 12, 2, 4 என்று கதவு திறக்கும். ஒரு ராத்திரி 2 மணிக்குத் திறக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று பார்ப்பவர் பயப்படும் நிலைக்கு அவரைக் கொண்டு வந்திருக்க வேண்டும்.

மூத்திரப்பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். கலை உதவியாளர்கள் அழகுக்காகக் கட்டிலின் மேல் கம்பியில் மாட்டிவிடுவார்கள், கவனியுங்கள். மூக்குக் குழாய் காட்சிக்குத் தேவையென்றால் குழாயை வெட்டி, மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் மைக்ரோபோர் டேப்பால் ஒட்டினால் போதும், நடிகைக்குள் எதையும் செலுத்தக் கூடாது. தூக்கும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது நோயாளி பராமரிப்பில் முதல் பாடம், தோள்மூட்டு இறங்கிவிடும். எல்லாவற்றையும் சரியாகச் செய்யும் அவள், ஒரே ஒருமுறை கோபத்தில் அந்தக் கையைப் பிடித்து இழுக்கட்டும். தெரிந்தவர்கள் நாற்காலியில் துடித்துப்போவார்கள். தெரியாதவர்களுக்குப் பாட்டியின் முகமே சொல்லிவிடும். இதற்கெல்லாம் அனுபவமுள்ள ஒரு நர்ஸை இரண்டு நாள் ஒத்திகைக்கும், படப்பிடிப்பின் முதல் வாரத்துக்கும் சம்பளம் கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காது கேட்கும் கருவி இன்னொரு நல்ல ஆயுதம். அதில் போடும் குட்டி பட்டன் பேட்டரி சில நாள்தான் வரும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் வேலை செய்யத் தொடங்கும். "பேட்டரி தீர்ந்துபோச்சு பாட்டி, நாளைக்கு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டால் பாட்டியின் உலகம் மூடிவிடும். ஒலிக்கலவையில் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மையான சத்தங்களை வெட்டிவிட்டு, பாட்டியின் மூச்சை மட்டும் கிட்டத்தில் வைத்தால், பின்னணி இசைக்கு ஆகும் பணம் அந்தக் காட்சிகளில் மிச்சம்.

வெளிநாட்டு மகனை ஒரு திரைக்குள்ளேயே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரைக்கு வாட்ஸ்அப் அழைப்பு. நியூ ஜெர்சியில் அப்போது கோடையில் காலை 11 மணி, நவம்பரின் முதல் ஞாயிறிலிருந்து 10 மணி. போனைப் பிடித்திருப்பது அவள். சட்டகத்துக்குள் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதைத் தீர்மானிப்பவளும் அவளே. பாட்டிக்குத் தலைவாரிப் பூ வைத்து, பவுடர் போட்டு, அசையும் இடது கையைப் போர்வைக்குள் செருகிவிட்டு அழைப்பை எடுப்பாள். "அம்மா எவ்ளோ தெளிவா இருக்காங்க பாருங்க தம்பி." இந்த அழைப்புகளைப் பச்சைத்திரை வைத்து ஒட்டாதீர்கள். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் மகனாக நடிப்பவரை உட்காரவைத்து உண்மையிலேயே அழைத்துப் பேசவிட்டு எடுங்கள். தாமதம், உறைந்துபோகும் படம், ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறுவது எல்லாம் இயல்பாகக் கிடைக்கும். அங்கே பகலாகத் தெரிய ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள், இங்கே ராத்திரியை நீங்கள் பகலில் உருவாக்கிக்கொள்ளலாம்.

பாட்டிக்கு ஓரளவு பேச்சு இருப்பதாக எழுதினால் வேறொரு வாசல் திறக்கும். மறதி நோயில் "என் நகையைத் திருடிட்டா" என்று பார்த்துக்கொள்பவர் மேல் குற்றம் சொல்வது மிகச் சாதாரணமான அறிகுறி, சாயங்காலம் ஆனால் குழப்பம் கூடுவதும் அப்படித்தான். டாக்டரும் குடும்பமும் அதை நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே தங்க வளையல் போய், கையில் கவரிங் வளையல் இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் எடுங்கள். பேச்சிழப்பு, மறதி இரண்டையும் ஒரே ஆளின் மேல் ஏற்றினால் பார்ப்பவருக்குப் பாட்டியின் மனதுக்குள் போக வழியே இருக்காது.

துப்பு எப்படிக் கிடைக்கும் என்பதற்கும் சிசிடிவி வேண்டாம், அது எல்லோரும் எடுக்கும் சுருக்கு வழி. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரைகளில் பல, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்கும் மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். முன்பு வேலை பார்த்த அந்த நல்ல பெண் ஏதோ வாங்கக் கடைக்குப் போகிறாள், அந்தப் பதிவேட்டில் பாட்டியின் பெயர் தொடர்ந்து வருவதைப் பார்க்கிறாள். பாட்டியின் டாக்டர் எழுதாத மருந்து. ஒரு கடை, ஒரு நோட்டு, அரை நாள் படப்பிடிப்பு. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் திரையில் காட்டாதீர்கள். கதைக்கு அது தேவையில்லை, யாருக்கும் அது வழிகாட்டியாகவும் ஆகிவிடக் கூடாது.

வீடு பார்க்கும்போது அழகைவிட அகலத்தைப் பாருங்கள். படுக்கையறை குறைந்தது 12க்கு 14 அடி, கூரை 10 அடிக்குக் குறையாமல் இருந்தால் விளக்கை மேலே ஒளிக்கலாம். கட்டிலிலிருந்து பார்த்தால் கதவு, கதவுக்கு அப்பால் நடை, நடையின் முடிவில் சமையலறை வெளிச்சம் என்று ஒரே கோட்டில் தெரிகிற பழைய வீடு கிடைத்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருமுறை காலை 6 மணிக்கும், ஒருமுறை இரவு 9 மணிக்கும் போய்க் கண்ணை மூடி ஐந்து நிமிடம் நில்லுங்கள். கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு மோட்டார், நாய், பஸ் திருப்பம் எல்லாம் அப்போது தெரியும்.

கேமராவுக்கு ஒரு விதி போதும்: பாட்டியின் பார்வையில் இருக்கும்போது கேமரா தலையணை உயரத்தைத் தாண்டாது, தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு அடி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் நாலு அடி. ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 28 மி.மீ., 50 மி.மீ. இரண்டு லென்ஸில் முக்கால்வாசி படத்தை முடித்துவிடலாம். அந்த உயரத்தில் சிஸ்டரின் முகம் எப்போதும் மேலே இருக்கும், அடிக்கடி இடுப்புவரைதான் தெரியும். முகம் தெரியாமல் கைகள் மட்டும் வேலை செய்வதைக் காட்ட தயங்காதீர்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/48 நொடியில் விட்டால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் திரையில் துடிக்கும். 1/50 நொடியில், கேமராவில் ஷட்டர் கோணமாகக் கேட்டால் 172.8 டிகிரியில் வையுங்கள். அப்போதும் சில பல்புகள் மங்கலாக்கும்போது துடிக்கும், ஒவ்வொன்றையும் முந்தின நாளே எடுத்துப் பாருங்கள். ஓடும் மின்விசிறிக்கு மேலே விளக்கு வைத்தால் இறக்கையின் நிழல் அறை முழுக்க வெட்டும். ஒரு காட்சிக்கு அது வேண்டுமென்றே நன்றாக இருக்கும், தெரியாமல் வந்தால் முழு நாளும் வீண். ராத்திரிக் காட்சிகளை ஜன்னலை வெளியிலிருந்து தடித்த கறுப்புத் துணியால் மூடிப் பகலில் எடுங்கள். துணிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மூன்று அடி விட்டால் அங்கே ஒரு சின்ன விளக்கை வைத்துத் தெருவிளக்கு போலக் காட்டலாம். உள்ளே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்ப், சமையலறையிலிருந்து வரும் மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான்.

ஒலியை நேரடியாகப் பதிவு செய்யுங்கள். நம்மிடம் டப்பிங் பழக்கம் வலுவாக இருக்கிறது, மற்ற படங்களுக்கு அது ஒத்துவரலாம். இந்தப் படத்தில் பாதி நடிப்பு மூச்சிலும், தொண்டைக்குள் சிக்கும் சத்தத்திலும் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து ஸ்டுடியோவில் நின்றுகொண்டு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சின்ன அறைக்குள் நீளமான ஷாட்கன் மைக் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையும் சேர்த்து வாங்கும், முன்னாலிருந்து வரும் ஒலியை முக்கியமாக வாங்கும் குட்டையான ஹைப்பர்கார்டியாய்ட் மைக்கே நல்லது. ஒலிப்பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். கேமராவுக்குப் பின்னால் சுவரிலும் தரையிலும் கம்பளி போடுங்கள். ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறி, பிரிட்ஜ், ஏசி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பிரிட்ஜை நிறுத்தியவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரரின் பால் கெட்டுப்போன பிறகுதான் ஞாபகம் வரும். வெயில் காலத்தில் நடிகைக்கு வியர்க்கும், ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே விசிறியைப் போட்டு அணைக்க ஒரு ஆளை நியமியுங்கள்.

95 பக்கத் திரைக்கதை, ஒரு நாளைக்கு 5 பக்கம் என்றால் 19 நாள். ஒரு நாள் கையிருப்பு வைத்து 20 என்று திட்டமிடுங்கள். ஒரே வீடு என்பதால் கதை வரிசைப்படியே எடுக்கலாம், இந்த வசதி பெரிய படங்களுக்கே கிடைக்காது. பாட்டியின் தலைமுடி, நகம், முகவாட்டம் எல்லாம் ஒழுங்காகக் கூடிவரும், மேக்கப் செலவு குறையும். 15 பேருக்கு மேல் யூனிட் வேண்டாம், அந்த வீடு தாங்காது. 100 ரூபாயில் 25 நடிகர்களுக்கு, 15 ஒலிப்பதிவுக்கும் கலவைக்கும், 10 எதிர்பாராததற்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். ஒலிப் பணத்தைக் கேமரா வாடகைக்கு மாற்றச் சொல்லி யாராவது கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

பொருள் தொடர்ச்சிதான் இந்தப் படத்தின் பெரிய தலைவலி. மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம், டானிக் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தினசரி காலண்டரில் என்ன தேதி என்பதை ஒவ்வொரு காட்சிக்கும் போட்டோ எடுத்து வையுங்கள். நவம்பரை நோக்கி ஓடும் கதைக்குக் காலண்டர் கடிகாரம் மாதிரி. சிஸ்டர் வேண்டுமென்றே இரண்டு தாள் கிழித்துவிட்டால் பாட்டிக்கு நாள் தெரியாமல் போகும். அதனால் ஒரே காலண்டரில் மூன்று பிரதி வாங்குங்கள், கிழித்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. உண்மையான மாத்திரை எதுவும் செட்டுக்குள் வரக் கூடாது, அதே அளவில் மிட்டாய் மாத்திரை போதும். அட்டையிலும் பாட்டிலிலும் நீங்களே அச்சடித்த கற்பனைப் பெயர். ஊசியின் முனையை வெட்டிவிடுங்கள். தலையணை முகத்துக்குக் கிட்டே வரும் காட்சி இருந்தால், நடிகை இடது கையால் கட்டிலைத் தட்டினால் அந்த நொடியே நிறுத்துவது என்று எல்லோர் முன்னிலும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூத்த நடிகை ஒரே நிலையில் தொடர்ந்து படுத்திருப்பது உடலுக்கு நல்லதில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி நடக்கவிடுங்கள், விளக்கு சரிசெய்யும் நேரத்துக்கு மாற்றாள் படுத்துக்கொள்ளட்டும்.

சட்டச் சிக்கல்களை எழுதும்போதே தவிர்ப்பது மலிவு. நாய், பூனை, கிளி எது திரையில் வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும், சென்சாரில் அந்தச் சான்றைக் கேட்பார்கள். வில்லியின் குரூரத்தைக் காட்ட வளர்ப்பு நாயைக் கொல்லும் காட்சியை எழுதியிருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள், அது பழசும் கூட. பேரக் குழந்தை இருந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவேளை இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். யாரும் சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் தொடக்கத்திலும் நடுவிலும் போட வேண்டிய எச்சரிக்கைப் படங்கள் மிச்சம், ஒரு த்ரில்லருக்கு நடுவில் வரும் அந்தத் தடங்கல் பெரிய இழப்பு.

சான்றிதழில் 2024 விதிகளுக்குப் பிறகு யுஏ மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7, 13, 16 வயதுக்கு மேல். ரத்தம் இல்லாத இந்தக் கதைக்கு யுஏ 13+ அல்லது 16+ கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஏ சான்றிதழுக்குப் போகாமல் காப்பது நல்லது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றி வழிகாட்டுதல் தந்திருக்கிறது. இழிவுபடுத்தும் சொற்கள், கேலி, மருத்துவப் பிழையோடு காட்டுவது ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. பாட்டியின் வாய்கோணலையோ எச்சில் ஒழுகுவதையோ திகில் படமாகப் பயன்படுத்தும் ஷாட் ஏதாவது இருந்தால் எடிட்டிங்கில் வெட்டிவிடுங்கள். அந்த முகம் நம் பயத்தின் பொருளாக ஆகவே கூடாது, நாம் அந்த முகத்துக்காகப் பயப்பட வேண்டும். எடிட்டை முடிப்பதற்கு முன் ஒரு நர்ஸ், பக்கவாத நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்த ஒருவர், பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் என்று மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள், அவர்கள் முகம் சுளிக்கும் இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலுக்கு முன் முதியோர் உதவி எண் 14567ஐ நாலு நொடியாவது திரையில் நிறுத்துங்கள்.